ஒரே சிம்மாசனம், பல ராஜாக்கள்: பழைய சினிமாப் பொருட்களைச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் வீட்டு மாடி அறையில் ஒரு சிம்மாசனம் இருக்கிறது. சாலிகிராமத்தில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் குடோனைக் காலி செய்தபோது வாங்கியது. "எம்.ஜி.ஆர். உட்கார்ந்த நாற்காலி சார்" என்றார். நானும் மயங்கித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியின் அடியில், யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். மேலே தங்க நிறம், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே அரக்குச் சிவப்பு, அப்புறம் மறுபடியும் தங்கம், கடைசியில்தான் மரம். இரண்டு சிங்க முகங்களில் ஒன்று மரத்தில் செதுக்கியது, மற்றது உடைந்துபோய் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து ஒட்டியது. அடிப்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் 114 என்று ஓர் எண், அதை அடித்துவிட்டுக் கறுப்பில் 62.

நான்கு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், குறைந்தது இரண்டு பேர் கணக்கில் இருந்திருக்கிறது. எத்தனை ராஜா உட்கார்ந்தாரோ, எத்தனை ராணி உட்கார்ந்தாரோ, எத்தனை மதியவேளையில் லைட்மேன் அதில் குட்டித் தூக்கம் போட்டாரோ, யாருக்குத் தெரியும்?

இந்தப் பொழுதுபோக்கின் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது மரத்துக்கோ துணிக்கோ அட்டைக்கோ அல்ல, "இது அந்தப் படத்தில், அவர் கையில் இருந்தது" என்பதற்கான ஆதாரத்துக்கு. கோடம்பாக்கத்துப் பொருள் கிடைப்பது கஷ்டமில்லை, ஆதாரம் கிடைப்பதுதான் கஷ்டம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

விற்பவர்கள் எல்லாவற்றையும் "சினிமாவில் வந்தது" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்படி முடிக்கக் கூடாது. திரையில் தெரிகிற பொருள் ஒரு வகை. படத்துக்கென்று செய்து, கடைசியில் ஷாட்டில் வராமலே போன பொருள் இன்னொரு வகை. அப்புறம் மாற்றுப் பொருள்: க்ளோசப்புக்கு ஒரு வாள், சண்டைக்கு இலேசான ஒரு வாள், டூப் போட்டவர் கையில் ஒரு வாள் என்று ஒரே வாளுக்கு மூன்று பிரதிகள் இருக்கலாம். நடிகர் வீட்டில் சொந்தமாக வைத்திருந்த கைக்கடிகாரமோ மூக்குக் கண்ணாடியோ தனி வகை, அது படத்தில் வந்திருக்க வேண்டியதே இல்லை. பின்னாளில் விழாவுக்காகவும் ரசிகர் மன்ற ஊர்வலத்துக்காகவும் செய்த நகல்களும் இப்போது 40 வயதாகி, பார்க்க நன்றாகவே பழசாகத் தெரிகின்றன. ஏமாறுவது பெரும்பாலும் இந்த நகல்களில்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு வகையும் உண்டு, நாடகப் பொருள். வீரபாண்டிய கட்டபொம்மன் படமாக வந்தது 1959-இல். அதற்கு முன்பே அதை சிவாஜி நாடக மன்றம் மேடையில் நடித்துவிட்டது. ஆகவே ஒருவர் ஒரு வாளைக் காட்டி "கட்டபொம்மன் வாள், சிவாஜி பிடித்தது" என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மேடை வாளாக இருக்கலாம். எனக்குக் கேட்டால் மேடை வாளுக்கு மதிப்பு குறைவே கிடையாது. ஆனால் திரை வாள் என்று நினைத்து அதை வாங்கினால் நீங்கள் வாங்கியது வேறு பொருள்.

இரண்டாம் படி: இங்கே ஏன் ஆதாரம் அறுந்துபோகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். ஸ்டூடியோ 1970-இல் தன்னிடம் குவிந்து கிடந்த உடைகளையும் சாமான்களையும் மொத்தமாக ஏலம் விட்டது. பட்டியல் அச்சடித்தார்கள், எண் போட்டார்கள். 1939-இல் வந்த தி விசார்ட் ஆஃப் ஆஸ் படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புச் செருப்புகளில் ஒரு ஜோடி அந்த ஏலத்தில் 15,000 டாலருக்குப் போனது. அந்தப் பட்டியல்தான் இன்றைக்கும் பலருக்குக் கையில் இருக்கும் ஆதாரம்.

அவ்வளவு ஒழுங்கு இருந்தும் என்ன ஆனது பாருங்கள். அந்தச் செருப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் செய்திருந்தார்கள். ஒரு ஜோடி 2005-இல் மின்னசோட்டாவில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து களவு போய், 2018-இல் எஃப்.பி.ஐ. கையில் சிக்கியது. அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜோடியோடு வைத்துப் பார்த்தால், இதன் இடது கால் அதன் வலது காலுக்கும், அதன் இடது கால் இதன் வலது காலுக்கும் பொருந்துகிறது! எப்போதோ யாரோ ஜோடி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருடியவர் அதில் பதித்திருப்பது அசல் மாணிக்கக் கல் என்று நினைத்துத்தான் எடுத்தாராம், உள்ளே இருந்தது சம்கியும் கண்ணாடி மணியும். அந்தச் செருப்பு 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

கோடம்பாக்கத்தில் அப்படிப் பட்டியல் போட்ட ஏலம் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. இங்கே சாமான் பெரும்பாலும் வாடகைதான். காலையில் வண்டியில் ஏற்றி செட்டுக்குப் போகும், இரவு திரும்பி வரும், மறுவாரம் பெயிண்ட் மாற்றி வேறு படத்துக்குப் போகும். சொந்தமாகச் சாமான் வைத்திருந்த ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாக மூடின. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று கண்ணுக்குத் தெரிவது முகப்பு வளைவு மட்டுமே, ஜெமினி இருந்த இடத்தை மேம்பாலத்தின் பெயரை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம். உள்ளே இருந்த சாமான் எந்தெந்தத் திசையில் போனது என்று எழுதி வைத்தவர் யார்?

மூன்றாம் படி: ஆறு மாதம் வாங்காதீர்கள், பாருங்கள்

இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை. தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அவருடைய காரும் பரிசுப் பொருட்களும் அங்கே இருக்கின்றன. 1969-இல் வந்த அடிமைப்பெண் படத்துக்காக வளர்த்த சிங்கத்தைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், அதையும் பார்க்கலாம். நடித்த சிங்கத்தையே நேரில் பார்த்துவிட்டு வந்தால், சந்தையில் ஒருவன் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட சவுக்கைக் காட்டி "அதே படத்துல வந்தது" என்னும்போது சிரிப்பு வரும், கை பர்ஸுக்குப் போகாது. வடபழனியில் ஏவி.எம். அருங்காட்சியகத்தில் படப்பிடிப்புக் கருவிகளும் பழைய கார்களும் இருக்கின்றன, 2023-இல் திறந்தது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் பாதுகாக்கிறார்கள். அந்தக் காலத்துக் காகிதம் எப்படி இருக்கும், அச்சு எப்படி அழுந்தியிருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

நான்காம் படி: வட்டத்தைச் சுருக்குங்கள், காகிதத்தில் தொடங்குங்கள்

"பழைய சினிமா எல்லாம் சேர்க்கிறேன்" என்று இறங்கினால் வீடும் நிறையும், கடனும் நிறையும், சேகரிப்பு மட்டும் நிற்காது. ஒரு நடிகர், அல்லது ஒரு ஸ்டூடியோ, அல்லது ஒரு பத்தாண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வில்லன் நடிகர்கள் சம்பந்தப்பட்டதை மட்டும் தேடுகிறார். போட்டி குறைவு, விலையும் குறைவு, அவர் தேடலுக்கு ஒரு குணம் இருக்கிறது.

முதல் வருடம் காகிதம் மட்டும் வாங்குங்கள் என்பேன். தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில்ஸ், பேசும்படம் மாதிரியான பழைய இதழ்கள். இவை விலை குறைவு என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், பின்னால் நீங்கள் ஒரு கிரீடம் வாங்கும்போது அது அசல்தானா என்று சொல்லப்போவது இந்த ஸ்டில்ஸ்தான். ஸ்டில் போட்டோகிராபர் தனி கேமராவில், பெரிய நெகட்டிவில் எடுத்த படம் அது. யூடியூபில் தேய்ந்த பிரிண்டிலிருந்து ஏற்றிய படத்தில் கிரீடம் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரியும், ஸ்டில்லில் கல்லை எண்ணலாம். 2016-இல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஸ்டில்ஸையும் தகவலையும் ஆயுள் முழுக்கச் சேர்த்துக்கொண்டே இருந்தாரே, அவரை நினைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: எங்கே தேடுவது, எப்படிப் பேசுவது

பழைய புத்தகமும் பழைய சாமானும் விற்ற சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனதோடு ஒரு தலைமுறையின் தேடல் பாதை மாறிப்போனது. இப்போது அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகளில் காகித வகையறா எப்போதாவது சிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அங்கே கிடைப்பது செட்டிநாட்டு வீட்டுச் சாமான். சினிமாவில் வந்தது என்று யாராவது சொன்னால் நீங்களே விசாரித்து முடிவெடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் குடோன்கள் இடம் மாறும்போதும், வாரிசுகள் தொழிலை விடும்போதும் நல்ல பொருள் வெளியே வரும். முன்கூட்டியே அறிமுகம் இல்லாவிட்டால் நீங்கள் போவதற்குள் பழைய இரும்புக்காரர் எடைபோட்டு எடுத்துப் போயிருப்பார்.

ஆனால் உண்மையான சுரங்கம் ஓய்வுபெற்ற தொழிலாளர் வீடுகள்தான். காஸ்ட்யூமர், மேக்கப் உதவியாளர், ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆசாரி, லைட்மேன். நடிகர் குடும்பத்துக்குப் போனால் மாலையும் ஷீல்டும்தான் காட்டுவார்கள், அது நியாயம்தான், அவர்கள் வீட்டில் இருப்பது அதுவே. படத்தில் வந்த பொருளைக் கடைசியாகக் கையில் வாங்கி மடித்து வைத்தவர் வேறு ஒருவர்.

அவர்களிடம் போகும்போது விலை பேசிக்கொண்டு போகாதீர்கள். நான் ஒரு பெரியவரிடம் நான்கு தடவை போனேன். முதல் மூன்று தடவையும் காபி, ஸ்டூடியோ கதை, முழங்கால் வலி, அவ்வளவுதான். நான்காவது தடவை அவரே எழுந்துபோய் பரண் மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே சம்கி வைத்துத் தைத்த ஒரு வெல்வெட் மேல்சட்டை. "யாருடையது ஐயா?" என்றேன்.

"பேரு சொல்லிடலாம் தம்பி, சொன்னா நீ நம்பிடுவ. ஆனா இதை ரெண்டு பேருக்குப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சிருக்கேன். உள் தையலைப் பாரு, தெரியும்."

சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். விலாப்பக்கத்தில் இரண்டு வரிசை ஊசித் துளைகள், ஒன்று தையலோடு, மற்றொன்று வெறுமையாக, அரை அங்குலம் தள்ளி. யாரோ ஒல்லியானவருக்குத் தைத்து, பிறகு கொஞ்சம் பருத்தவருக்காகப் பிரித்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டியின் உள்ளே அழியாத மையில் ஒரு சலவைக் குறி. அக்குளில் துணி வியர்வையில் வெளுத்து மொடமொடத்திருந்தது. அவரிடமிருந்து அன்றைக்குக் கற்றதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கடையில் விற்பவர் இப்படி இருக்க மாட்டார். நீங்கள் எந்த நடிகரின் பெயரை முதலில் உச்சரிக்கிறீர்களோ அந்த நடிகருடையதாகவே பொருள் மாறிவிடும். அதனால் பெயர் சொல்லாதீர்கள். "இது எந்தப் படத்துல வந்துச்சுண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சோதனை

இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஒரு இரவில் முடிகிற வேலை அல்ல.

முதலில் திரையோடு பொருத்திப் பார்ப்பது. சேகரிப்பவர்கள் இதை ஸ்க்ரீன் மேட்ச் என்பார்கள். கிடைப்பதில் நல்ல பிரிண்ட்டைத் தேடி, பொருள் வருகிற காட்சியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். வடிவம் ஒத்துப்போவது ஆதாரம் ஆகாது, ஒரே அச்சில் பத்து கிரீடம் வார்த்திருக்கலாம். தேட வேண்டியது குறையை: மரத்தின் ரேகை, விளிம்பில் ஒரு சில்லு, ஒரு கல் விழுந்த பள்ளம், எம்பிராய்டரியில் தையல்காரர் கை தவறிய ஒரு வளைவு. இரண்டு குறைகள் இரண்டு வெவ்வேறு காட்சிகளில் ஒத்துப்போனால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவு சந்தோஷம். போஸ்டரிலும் பாட்டுப் புத்தக அட்டையிலும் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சடிப்பது சகஜம் என்பதையும் மறக்காதீர்கள். வாள் வலது இடுப்பில் தொங்குகிறதே என்று குழம்பி ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும் சட்டை நிஜத்தில் பச்சையோ காவியோ எதுவாகவும் இருக்கலாம், கேமராவில் எப்படி விழும் என்று பார்த்துத்தான் துணி எடுப்பார்கள். நாடோடி மன்னன் மாதிரியான படம் இந்த விஷயத்தில் ஒரு வரம். 1958-இல் வந்த அந்தப் படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி வண்ணம். இரண்டு பகுதியிலும் ஒரே பொருள் வந்திருந்தால் நிறமும் கிடைத்துவிடும்.

இரு மொழிப் படமா என்று பாருங்கள். 1957-இல் மாயா பஜார் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. இரண்டிலும் கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ்தான், ஆனால் அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். ஒரே வில்லை இருவரும் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. தமிழ்ப் பிரதியில் அந்த வில் சரியாகத் தெரியாவிட்டால் தெலுங்குப் பிரதியில் பளிச்சென்று தெரியலாம். வடபழனியில் எடுத்த தெலுங்குப் படங்களின் ஸ்டில்ஸையும் தேடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

அடுத்து பொருளின் உடம்பு. அந்தக் காலத்துச் செட் சாமான் மரம், மூங்கில், துணி, அட்டை, காகிதக் கூழ், பிளாஸ்டர், தகரம். 1940-களின் படத்தில் வந்த தூண் என்று சொல்லி உள்ளே தெர்மோகோல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உடையில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டியோ நைலான் ஜிப்போ இருந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் உடனே தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேறு படத்துக்காக மாற்றியிருப்பார்கள். ஸ்க்ரூவும் அப்படித்தான். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ புத்தம் புதிதாக மின்னினால், அது பழுது பார்த்ததா, மொத்தமுமே புதிதா என்று பக்கத்துத் துளைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு புற ஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். இருட்டில் அடித்தால், பிற்காலத்தில் வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த காகிதமும் துணியும் நூலும் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1940-களின் பாட்டுப் புத்தகம் என்று சொல்லப்பட்டது கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி மின்னியதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பழைய துணியை இன்றைய சோப்புப் பவுடரில் துவைத்திருந்தாலும் ஒளிரும். துணிக்கு இது முடிவான சோதனை அல்ல, காகிதத்துக்கு ஓரளவு நம்பலாம்.

நான் செய்த மாதிரி நகத்தால் சுரண்டாதீர்கள். ஏற்கெனவே உதிர்ந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தாலே அடுக்குகள் தெரியும். அந்தச் சுரண்டல் இன்றும் கைப்பிடியில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் படி: கதையை எழுதி வாங்குங்கள்

விற்பவர் வாயால் சொன்னது அவரோடு போய்விடும். பணம் கொடுக்கும் அன்றே ஒரு கடிதம். அவர் பெயர், எந்தத் துறையில் எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார், இந்தப் பொருள் அவர் கைக்கு எப்படி வந்தது, எந்தப் படம் என்று அவர் நினைக்கிறார், அதை நேரில் பார்த்தாரா இல்லை பிறர் சொல்லிக் கேட்டாரா, தேதி, கையெழுத்து. "நேரில் பார்த்தேன்" என்பதும் "சொன்னார்கள்" என்பதும் வேறு வேறு வரியில் இருக்கட்டும். அவர் பொருளைக் கையில் வைத்திருக்க ஒரு போட்டோ, முடிந்தால் செல்போனில் ஐந்து நிமிடம் பேசவிட்டு வீடியோ. சந்தேகமாகச் சொன்னால் சந்தேகமாகவே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் அழுத்தி உறுதியாக்காதீர்கள்.

தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதை யாரும் அச்சடிக்கலாம். ஒருமுறை ஆன்லைனில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியும் ஜோடியாக வாங்கினேன், ஹோலோகிராம் ஸ்டிக்கரோடு வந்தது. சான்றிதழ் எண் 7. மூன்று மாதம் கழித்து வேறொரு நண்பர் அதே மாதிரி ஒரு ஜோடியைக் காட்டினார். அவருடையதும் எண் 7. இப்போது அந்தத் தொப்பி என் அண்ணன் பையன் மாறுவேடப் போட்டிக்குப் பயன்படுகிறது.

எட்டாம் படி: விலை

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. கதையைக் கழித்துவிட்டு அந்தப் பொருள் என்ன பெறும்? பழைய தேக்கு நாற்காலி என்றால் பழைய தேக்கு நாற்காலி விலை. ஆதாரம் இல்லாத பொருளுக்கு அதற்கு மேல் சொற்பமாக ஏதாவது சேர்த்துக் கொடுக்கலாம், ஆசைக்காக. எழுத்தில் ஆதாரம் இருந்தால் இன்னும் ஏறலாம். திரையோடு பொருந்திவிட்டால்தான் மனம் விட்டுப் பேரம்.

ஏலத்தில் கேட்கப் போகிறீர்கள் என்றால் சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. வாங்குபவரிடம் ஏல நிறுவனம் தனியாகக் கமிஷன் எடுக்கும். மேலே சொன்ன செருப்பு 2 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது, கமிஷனோடு சேர்த்து வாங்கியவர் கட்டியது 3 கோடியே 25 லட்சம். நம் சின்னக் கணக்குக்கும் அதே விதிதான், அதற்கு மேல் வரி, பேக்கிங், வண்டி வாடகை, வெளிநாட்டிலிருந்து என்றால் சுங்கம். உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி, இதையெல்லாம் கழித்துவிட்டு ஏலத்தில் உட்காருங்கள்.

ஒன்பதாம் படி: கை வைக்கக் கூடாதவை

பழைய படங்களில் ராஜா காலடியில் புலித்தோல், ஜமீன்தார் சுவரில் மான் கொம்பு, மேஜையில் தந்தப் பொம்மை எல்லாம் அசலாகவே இருந்திருக்கலாம். சினிமாவில் வந்தது, எழுபது வருடப் பழசு என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சிலையிலும் கவனம். காகிதக் கூழ் நடராஜர் என்றால் தாராளமாக வாங்கலாம். தூக்கிப் பார்க்கும்போது கனமான உலோகமாக இருந்து, "செட்டுல வச்சிருந்தது" என்று மழுப்பினால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். நூறு ஆண்டு கடந்த சிலைகளுக்குத் தொல்பொருள் சட்டமும் பதிவும் உண்டு, சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு நீங்கள் சேகரிப்பவரா தரகரா என்று வித்தியாசம் பார்க்க நேரம் இருக்காது. துப்பாக்கி எந்த நிலையில் இருந்தாலும் வேண்டாம். மழுங்கல் வாள் வாங்கினால் அதைக் கூர் தீட்டி அழகு பார்க்காதீர்கள், உறையில்லாமல் ரயிலில் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள்.

இன்னொன்று ஃபிலிம் சுருள். 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிமும் புழக்கத்தில் இருந்தது. அது எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. தகர டப்பாவில் பழைய சுருள் கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கோ, மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கோ தகவல் சொல்லுங்கள். யாரிடமும் இல்லாத படமாக அது இருந்துவிட்டால் உங்கள் சேகரிப்பு மொத்தத்தையும்விட அந்த ஒரு போன் பெரிது.

பத்தாம் படி: வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது

சென்னை ஈரக்காற்றுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் ஜென்மப் பகை. வெல்வெட்டில் பூஞ்சை, ஜரிகையில் கறுப்பு, பசையில் வெள்ளிப்பூச்சி, மரத்தில் கரையான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

உடையைத் துவைக்காதீர்கள், ட்ரை க்ளீனிங்கும் வேண்டாம். அந்த வியர்வைக் கறையும் மேக்கப் கறையும்தான் உங்கள் ஆதாரம். மெல்லிய வலைத்துணியை மேலே விரித்து, வாக்குவம் க்ளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசியை மட்டும் இழுக்கலாம். ஹேங்கரில் மாட்டினால் கல்லும் சம்கியும் கனத்துத் தோளில் துணி கிழியும், படுக்க வைத்து மடிப்புகளில் காடாத் துணியைச் சுருட்டி வையுங்கள். கஞ்சி போகும்வரை இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்த காடா. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு மூடுவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம், ஆனால் அது பழைய பிளாஸ்டிக் மணிகளைப் பதம் பார்க்கும். சிலிக்கா ஜெல் பை போடுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுங்கள், வெயில் படாமல்.

கவரிங் கிரீடத்தையும் பித்தளைக் கவசத்தையும் புளி போட்டுத் தேய்க்க அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். விடாதீர்கள். முலாம் போய்விட்டால் திரும்ப வராது, முலாம் பூசிப் புதிதாக்கினால் அது வேறு கிரீடம்.

பாட்டுப் புத்தகத்தையும் ஸ்டில்ஸையும் லேமினேஷன் செய்யாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி என் வீட்டு வாசலில் மாட்டலாம் என்று இருக்கிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது, காகிதம் உள்ளே மஞ்சளாகி நொறுங்கும். செல்லோடேப்பும் கூடாது, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். அமிலம் நீக்கிய தாளில் வைத்து, பாலியஸ்டர் உறையில் போட்டு, படுக்கை வாட்டில் பெட்டியில் அடுக்கினால் போதும்.

மரச் சாமானைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள், காலுக்கு அடியில் கட்டை கொடுங்கள். காலையில் எழுந்ததும் தரையில் மாவு மாதிரி கொட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பேப்பர் படிப்பதற்கு முந்தின வேலை.

கடைசியாக, ஒரு பதிவேடு

நீளமான கணக்கு நோட்டு ஒன்று, கூடவே கம்ப்யூட்டரில் ஒரு நகல். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல் காடா நாடாவில் எழுதிக் கட்டுங்கள். வாங்கிய தேதி, விலை, யாரிடம், கடிதம் எந்தக் கோப்பில், நான்கு பக்கமும் எடுத்த போட்டோ. வீட்டில் ஒருவருக்காவது அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நமக்குப் பிறகு எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசுக்குத்தான், நாம் எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே.

என் நோட்டில் பேனாவால் எழுதும் கட்டங்களும் பென்சிலால் எழுதும் கட்டங்களும் தனி. "எந்தப் படம்", "யார் பயன்படுத்தியது" இரண்டும் பென்சில். சிம்மாசனத்துக்கு நேரே முதலில் எம்.ஜி.ஆர். என்று எழுதினேன், பிறகு அழித்தேன். போன வருடம் ஒரு பழைய தெலுங்கு ஸ்டில்லில் அதே மாதிரி சிங்க முகம், இடது காதில் அதே சில்லு. உட்கார்ந்திருந்தவர் யாரோ துணை நடிகர், அவர் பெயரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.